பூங்குழலி வீடு எங்கே சார்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், "கதையில் வந்த ஊர் என்பதற்காகவே எங்காவது போனதுண்டா?" என்று கேட்டிருந்தார். "கோடிக்கரைக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், முதல் தடவை ஏமாந்தேன், இரண்டாவது தடவை ஏமாறவில்லை" என்று இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதுதான் வினையாகிவிட்டது. அதென்ன முதல் தடவை, அதென்ன இரண்டாவது தடவை என்று ஒரு கட்டுக் கடிதம் வந்து கிடக்கிறது. சரி, இந்த வாரம் அரசியல், சினிமா, தக்காளி விலை எல்லாவற்றுக்கும் விடுமுறை. 'பொன்னியின் செல்வ'னில் வரும், வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கோடிக்கரை மட்டும்.

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு கோடிக்கரை போகலாம் என்றிருக்கிறோம். 'பொன்னியின் செல்வ'னில் வரும் கலங்கரை விளக்கத்தையும், பக்கத்தில் பூங்குழலி வீடு இருந்த இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. யாரைக் கேட்டால் சரியாக வழி சொல்வார்கள்?
ஒரு வாசகி, ஈரோடு

அம்மா, முதல் தடவை போனபோது நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரரிடம், கொஞ்சம் கூச்சத்தோடு, "இந்தப் பூங்குழலி வீடு..." என்று இழுத்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு சார்" என்றார். கிண்டல் எல்லாம் இல்லை, கணக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

பூங்குழலி என்று ஒருத்தி இருந்ததில்லை. கோடிக்கரையில் படகோட்டும் பெண்ணாகக் கல்கி கற்பனை செய்தவள் அவள். அவளுடைய அப்பா, விளக்குக்குக் காவலாக இருக்கும் தியாகவிடங்கர், அவளிடம் சதா எரிந்துவிழும் அண்ணி ராக்கம்மாள், எல்லாரும் அப்படித்தான். ஆகவே வீடு இல்லை. ஆனால் கலங்கரை விளக்கம் இருந்தது. சோழர் காலத்தது என்று ஊரில் சொல்லிவந்த பழைய செங்கல் கட்டடம் ஒன்று கடலோரத்தில் வெகுநாள் நின்றுகொண்டிருந்தது. 2004 டிசம்பர் சுனாமி அதைச் சாய்த்துவிட்டது. நான் போனது சுனாமிக்கு அப்புறம். மணலில் செங்கல் குவியல், நடுவில் முள்செடி, ஓர் ஆடு. "வேதாரண்யம் விளக்கழகு" என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு, அது கோயில் விளக்கைப் பற்றியது. பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோடிக்கரை விளக்கும் அதே அழகில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறியது என் புத்தி. இப்போது எரிவது வேறு விளக்குகள். ஆங்கிலேயர் காலத்துக் குட்டையான விளக்கு ஒன்று, 1990களின் கடைசியில் எழுப்பிய உயரமான விளக்கு ஒன்று. அந்த உயரமான விளக்கைக் காட்டி "இங்கேதான் பூங்குழலி இருந்தாள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், கூகுளில் பார்த்துவிட்டு நம்மைக் கேலி செய்வார்கள்.

கல்கி இந்தக் கதையை 1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதினார். கதை நடப்பதோ பத்தாம் நூற்றாண்டில். நடுவில் ஆயிரம் வருஷத்து உப்புக்காற்று அடித்திருக்கிறது, செங்கல்லும் சுண்ணாம்பும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதனால் கட்டடம் எதையும் தேடாதீர்கள். இங்கே கல்கி எடுத்துக்கொண்டது ஊரை அல்ல, நிலத்தை. அந்தச் சேறும் காடும் காற்றும் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது தடவை நான் ஏமாறாமல் வந்ததற்கு அதுதான் காரணம்.

வந்தியத்தேவன் மாட்டிக்கொள்வானே, அந்தச் சேற்றுப் பள்ளம் நிஜமாகவே உண்டா? நாங்கள் நண்பர்கள் நான்கு பேர், போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.
கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, உண்டு. போய்ப் பார்க்க வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும்.

கதையைப் படிக்காதவர்களுக்கு: இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், இலங்கைக்குப் படகு தேடிக் கோடிக்கரைக்கு வரும் வந்தியத்தேவன், ஓடிப்போகும் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு போய்ப் புதைசேற்றில் இறங்கிவிடுவான். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவான். அவளே வந்து கரையேற்றுவாள். அந்த அத்தியாயத்துக்குப் பெயரே 'சேற்றுப் பள்ளம்'. ஏதோ வீர சாகசத்துக்காகச் சேர்த்த சமாச்சாரம் என்றுதான் நானும் சிறு வயதில் நினைத்திருந்தேன்.

கோடிக்கரைக்கு மேற்கே முத்துப்பேட்டை வரைக்கும் சதுப்புதான். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், அப்போது யாரும் ஏமாற மாட்டார்கள், ஏரி மாதிரித் தெரிவதால் தள்ளியே நிற்பார்கள். ஆபத்து காய்ந்த காலத்தில்தான். மேலே வெயிலில் பொருக்குத் தட்டி, உப்புப் பூத்து, கிரிக்கெட் ஆடலாம் போலச் சமதளமாகத் தெரியும். நாலு அடி வைக்கும் வரை ஒன்றும் ஆகாது. ஐந்தாவது அடியில் பொருக்கு உடையும், கணுக்கால் போகும், அதை எடுப்பதற்காக மற்ற காலில் பாரத்தைப் போடுவீர்கள், அது முழங்கால் வரை போகும். அடியில் இருப்பது கருப்பாக, குளிர்ச்சியாக, முட்டை அழுகின நாற்றத்தோடு ஒரு களி. அது காலைப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் காலை இழுக்கும்போது அந்தப் பள்ளத்துக்குள் காற்று புக வழியில்லாததால் விடமாட்டேன் என்கிறது. இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, அனுபவம்தான். ஒரு வெளிமானைக் கிட்டே போய்ப் போட்டோ எடுக்கலாம் என்று பாதையை விட்டு இறங்கினேன். ஒரு செருப்பு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா நின்று பார்த்துவிட்டு, "மாடு போன தடத்துல போங்கய்யா, மாட்டுக்குத் தெரியும்" என்றார். நான் கோடிக்கரையில் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் அதுதான்.

ஒருவேளை மாட்டிக்கொண்டால் உதறாதீர்கள். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள், உடம்பின் பாரம் பரவும், காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுங்கள். பூங்குழலி வரமாட்டாள்.

ராத்திரியில் அங்கே கொள்ளிவாய்ப் பிசாசு தெரியுமாமே?
தருமபுரி வாசகர்

கதையில் பூங்குழலி வந்தியத்தேவனுக்குக் காட்டுவாள், இவர்கள்தான் என் காதலர்கள் என்றும் சொல்லுவாள். அவனுக்கு வேர்த்துவிடும். சதுப்பில் செத்த இலைதழை காற்றில்லாமல் மக்கும்போது எரிவாயு உண்டாகிறது, அதுதான் எங்காவது பற்றிக்கொண்டு நீலமாகத் தெரிந்து மறைகிறது என்று விளக்கம் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. காட்டுக்குள் ராத்திரி நம்மை விடவும் மாட்டார்கள். கரையிலிருந்து பார்த்தபோது தூரத்தில் வரிசையாக வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. மீன்பிடிப் படகுகள்.

எங்கட அம்மப்பா வல்வெட்டித்துறைக்காரர். அந்தக் காலத்தில் வள்ளத்தில் கோடிக்கரைக்கு வந்து சாமான் வாங்கிப் போனதாகச் சொல்லுவார். அங்கே நிண்டால் இலங்கைக் கரை தெரியுமா? வந்தியத்தேவன் போன மாதிரி இப்ப யாரும் படகில் போக ஏலுமா?
வாசகி, டொரன்டோ

உங்கள் அம்மப்பா சொன்னது நிஜம்தான் அம்மா, இரண்டு கரைக்கும் அப்படி ஒரு போக்குவரத்து வெகுகாலம் இருந்தது. இங்கே வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் உங்கள் ஊர்ப் பெயர்கள் சரளமாக வந்து விழும்.

கரை தெரியாது. பலர் "வானம் சுத்தமாக இருந்தால் தெரியும்" என்று அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். கரையில் நிற்கிற ஆளின் கண்ணுக்குக் கடல் ஐந்து கிலோமீட்டருக்குள் வளைந்து மறைந்துவிடும். விளக்கின் உச்சியில் ஏறினாலும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். யாழ்ப்பாணக் கரை அதற்கும் வெகு தூரத்தில், அதுவும் மலை ஏதும் இல்லாமல் தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் அங்கே நின்றால் ஒன்று புரியும். அதுவரை வடக்கு தெற்காக வந்த சோழமண்டலக் கரை இந்த இடத்தில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கோடி என்றால் கடைசி, முனை. வரைபடத்தில் பார்த்தபோது ஒரு மூலையாகத் தெரிந்தது, நேரில் இரண்டு பக்கமும் கடலாக விரிகிறது. இலங்கைக்குப் போக வேண்டியவன் வேறு எங்கே வந்து படகு கேட்பான்?

படகு விஷயம். கோடிக்கரையில் யாரும் உங்களை ஏற்றிக்கொண்டு போக மாட்டார்கள், போகவும் கூடாது, எல்லையைத் தாண்டியதாகப் பிடிபடும் மீனவர் படும் பாடு உங்களுக்கே தெரியும். சட்டப்படி போக நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கினார்கள், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். பாஸ்போர்ட் வேண்டும். வந்தியத்தேவன் இடுப்பில் ஒரு ஓலையைச் செருகிக்கொண்டு போனான், அந்த வசதி நமக்கு இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து கிளம்புவதிலும் ஒரு பொருத்தம் உண்டு, கதையில் காய்ச்சலோடு கிடக்கும் இளவரசன் அருள்மொழிவர்மனைக் கோடிக்கரையிலிருந்து கால்வாய் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஊரில்தான். வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே இப்போது நாம் பார்க்கும் கால்வாய் ஆங்கிலேயர் காலத்தில் வெட்டியது, அதைக் காட்டி "இதுதான் அது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

கோயில் உண்டா? பழைய பாடல் பெற்ற தலம் என்கிறார்கள். கதைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா?
ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சேலம்

ஐயா, நீங்கள் பாடலைத் தெரிந்துகொண்டேதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கும் இதைச் சொல்லத்தான் ஆசை.

குழகர் கோயில். சுவாமிக்கு அமிர்தகடேசுவரர் என்றும் பெயர். சின்னக் கோயில், பெரிய கோபுரம் பிரகாரம் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர், நண்பர் சேரமான் பெருமாளோடு திருமறைக்காட்டுக்கு, அதாவது வேதாரண்யத்துக்கு வந்தவர் இங்கேயும் வந்தார். மற்ற ஊர்களில் பாடும்போது வயல் அழகு, மாடம் அழகு என்று ஊரைப் புகழ்வது வழக்கம். இங்கே வந்தவருக்கு மனசு கேட்கவில்லை. கடற்காற்று வந்து மோதுகிற கரையில் சுவாமி தன்னந்தனியாக இருக்கிறார். பக்கத்தில் நாலு குடி இருந்தால் குற்றமா, உமக்கு யார் துணை, இந்தக் கொடியவன் கண்ணால் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்கிறார். அப்புறம், காடு இப்படி அடர்ந்திருக்கிறதே, பொந்தில் ஆந்தையும் கூகையும் அலறுகிறதே, அம்மை பயப்பட மாட்டாளா என்று கேட்கிறார். அதுவும் போதாமல், ஒரு பக்கம் மையார் தடங்கண்ணியான உமை, தலையில் கங்கை, கூடவே காடுகாள், அதாவது காளி வேறு என்று கணக்கெடுத்துச் சுவாமியைக் கிண்டல் செய்கிறார். சுந்தரர் தம்பிரான் தோழர் அல்லவா, அவருக்கு அந்த உரிமை உண்டு. கடவுளைப் பார்த்து "தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று இவ்வளவு வாஞ்சையோடு விசாரித்த பாட்டு வேறு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இப்போது கதைக்கு வாருங்கள். கல்கி இந்தப் பதிகத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார், கோடிக்கரை அத்தியாயத்திலேயே குழகரின் தனிமையைச் சொல்கிறார். என் ஊகம் என்னவென்றால், பூங்குழலி பிறந்தது அந்தப் பதிகத்திலிருந்துதான். காடு, ஆந்தை, காற்று, துணைக்கு ஆள் இல்லாத கரை, அங்கே பயமே இல்லாமல் திரிகிற ஒருத்தி. சுந்தரர் யாருக்காகப் பயந்தாரோ அந்த இடத்தில் பயப்படாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், இது ஆராய்ச்சி அல்ல, முதல் தடவை ஏமாந்து திரும்பிய பிறகு பதிகத்தை எடுத்துப் படித்தபோது எனக்குத் தோன்றியது. இரண்டாவது தடவை அதனால்தான் போனேன். மத்தியான நேரம், கோயிலில் என்னையும் ஒரு பூனையையும் தவிர யாரும் இல்லை. காற்று மட்டும் நிற்கவே இல்லை. இங்கே முருகன் கையில் அமுத கலசம் இருக்கிறது, மறக்காமல் பாருங்கள்.

கடலில் குளிக்கலாமா?
இன்னொரு சென்னை வாசகர்

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆயிரக்கணக்கில் வந்து நீராடுகிறார்கள், ஆதிசேது என்பார்கள். மற்ற நாளில் மெரினாவை நினைத்துக்கொண்டு போனால் சேறும் கலங்கல் தண்ணீரும்தான். பிதுர்க் காரியம் இருந்தால் குளியுங்கள், விளையாட என்றால் வேளாங்கண்ணிப் பக்கம் போங்கள்.

என் மகனுக்கு எட்டு வயது. கோடிக்கரைக் காட்டில் திரியும் குதிரைகள் வந்தியத்தேவன் விட்டுப்போன குதிரையின் பேரப்பிள்ளைகளா என்று கேட்கச் சொன்னான்.
தாய், கோயம்புத்தூர்

இந்த வாரத்தின் மிகச் சிறந்த கேள்வி இதுதான், குட்டிக்கு என் முத்தம். வந்தியத்தேவனும் வைத்தியர் மகனும் குதிரையில்தான் வந்தார்கள், அதுவரை உன் கணக்கு சரி கண்ணு. ஆனால் இந்த மட்டக்குதிரைகள் எப்போதோ மனிதர்கள் வளர்த்து, அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டவற்றின் வாரிசுகள் என்கிறார்கள். யார் விட்டது என்று குதிரைகள் சொல்லவில்லை. நீ வந்தியத்தேவன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குச் சில விவரங்கள். 1967இல் இங்கே சரணாலயம் அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். கிடாவுக்கு முதுகு கருத்து, கொம்பு முறுக்கிக்கொண்டு இருக்கும், பெட்டை பழுப்பு. புல்வெளியில் காலையிலோ சாயங்காலமோ கூட்டமாக மேயும். பறவைகளுக்கு ஐப்பசி, கார்த்திகையிலிருந்து மாசி வரை. சதுப்பில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்துச் சேற்றை வடிகட்டிக்கொண்டு நிற்கும், ஒன்றிரண்டு அல்ல, ரோஜா நிறத்தில் ஒரு கோடு போட்ட மாதிரி அடிவானம் வரை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல வருஷங்கள் இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டுப் பறக்கவிட்டார்கள், எந்தெந்த நாட்டிலிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ள. இந்த ஈரநிலம் 2002இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பர் மழை, புயல் காலம், ஆகவே டிசம்பர் கடைசி தொடங்கி பிப்ரவரிக்குள் போங்கள். பையனுக்கு ஒரு பைனாகுலர் கடன் வாங்கிக்கொடுங்கள், இல்லாவிட்டால் பூநாரை வெறும் புள்ளியாகத்தான் தெரியும்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது? கதை எல்லாம் அப்புறம்.
நடைமுறைவாதி, மதுரை

உங்களை மாதிரி நாலு பேர் இருப்பதால்தான் பூமி சுற்றுகிறது. திருத்துறைப்பூண்டி வரை ரயில், அங்கிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகலப்பாதை போட்டு 2023 ஏப்ரலில் திறந்தார்கள் (ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் ரயில் கோடிக்கரைக்கே போயிற்று, அது போன கதை). இல்லையென்றால் நாகப்பட்டினத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பஸ்ஸில் வேதாரண்யம், அங்கிருந்து டவுன் பஸ். வழியெல்லாம் உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவித்து ஓலை மூடி வைத்திருப்பார்கள். அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணைப் பார்த்துவிடுங்கள், 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து சட்டத்தை மீறி உப்பெடுத்தது இந்த மண்ணில். கல்கி திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் அதே ராஜாஜியிடம் பத்திரிகை வேலை பார்த்தவர் என்பதையும் நினைத்துக்கொண்டால், இந்தக் கரை அவர் மனதில் எப்படி இறங்கியிருக்கும் என்று யோசிக்கச் சுவையாக இருக்கிறது.

தங்க வேதாரண்யத்தில் லாட்ஜ் உண்டு, கோடிக்கரையில் வனத்துறையின் தங்குமிடம் 'பூநாரை இல்லம்', முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். வேதாரண்யத்தில் நான் தங்கிய ஒரு லாட்ஜில் மின்விசிறி பேசிக்கொண்டே சுற்றியது, அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாட்டை வேதாரண்யத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கோடிக்கரையில் டீயும் வடையும் கிடைக்கும், சில நாள் மீன் சாப்பாடும். தண்ணீர் கையோடு. காட்டுக்குள் போகிற பாதையில் சோதனைச் சாவடி உண்டு, ராமர் பாதம் அந்த வழியில்தான். மணல் மேட்டின் மேல் ஒரு சின்ன மண்டபம், அந்தப் பக்கத்திலேயே உயரமான இடம் அதுதான், இலங்கையைப் பார்த்து ராமர் நின்றதாக ஐதீகம்.

நான் இரண்டு பாகம்தான் படித்திருக்கிறேன். இப்போது போனால் கதை முடிவு தெரிந்துவிடுமா? யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
ஒன்பதாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பயப்படாமல் போ பாப்பா. அங்கே யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மீன் விலை பேசுவார்கள், காற்று எந்தப் பக்கம் என்று பேசுவார்கள். இரண்டாம் பாகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களைப் பஸ்ஸிலேயே மறுபடி படித்துவிட்டு, இறங்கும்போது புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிடு. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே நடந்தால், நான் முதல் தடவை செய்த தப்பு அது, செங்கல் குவியலைத்தான் பார்ப்பாய். மூன்றாம் பாகத்தைத் திரும்பி வந்து ஆரம்பி, அதன் முதல் அத்தியாயத்தின் தலைப்பே 'கோடிக்கரையில்'. பூங்குழலிக்கு என்ன ஆகிறது என்று நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இல்லாத ஒரு பெண்ணுக்காக ஜனங்களை இவ்வளவு தூரம் அலைய விடுகிறீர்களே! நிஜ வரலாறு தஞ்சாவூரில் கல்வெட்டாக இருக்கிறது. அதைப் பார்க்கச் சொல்லக் கூடாதா?
கும்பகோணத்திலிருந்து கோபமாக ஒருவர்

தாராளமாகப் பாருங்கள். வல்லவரையன் வந்தியத்தேவர் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்று இருக்கிறது, அவர் நிஜம். அவர் கோடிக்கரையில் சேற்றில் விழுந்தார் என்பதுதான் கதை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். தஞ்சாவூருக்கு யார் சொன்னாலும் போவார்கள், சொல்லாவிட்டாலும் போவார்கள். வேதாரண்யத்தைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, ரோடு முடிகிற ஓர் ஊருக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பத்தை வரவழைக்க, ஒரு பொய்ப் பெண்ணால்தான் முடிகிறது. வந்தவர்கள் பூநாரையையும் குழகரையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள், நஷ்டம் யாருக்கு?

எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வருகிறவர்கள் பூங்குழலியைக் கேட்கிறார்கள், கஜா புயலைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மான் தின்கிறது.
வேதாரண்யம் பக்கத்து வாசகர்

அண்ணே, இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியது உங்கள் பக்கத்தில்தான். மூன்று மாதம் கழித்துத்தான் என் இரண்டாவது பயணம். வழி நெடுக தென்னை இடுப்பு ஒடிந்து, எல்லாம் ஒரே திசையில் விழுந்து கிடந்தது. காட்டில் பாலை மரங்களும் விழுந்திருந்தன. கதையில் இரண்டாம் பாகத்துக்குச் 'சுழற்காற்று' என்றே பெயர், அதைப் படித்தபோது எனக்கு அது ஒரு தலைப்பு, அவ்வளவுதான். விழுந்த மரத்தைத் தாண்டித் தாண்டி நடந்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு எடை தெரிந்தது. தென்னை மறுபடி வைத்துக் காய்ப்பு வர எத்தனை வருஷம் என்று தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பாட்டிலையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் காசை அங்கே செலவழியுங்கள். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை மற்ற ஊர் மீனவர்களும் வந்து கரையில் வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள், கருவாடு அங்கேயே நேராக வாங்கலாம், நன்றாக இருக்கும்.

அப்புறம் அண்ணே, வெளியூர்க்காரர்கள் உங்களை மதிக்காதது இன்று நேற்று நடப்பது இல்லை. அந்தப் பதிகத்தில் சுந்தரர் இந்தப் பக்கத்து வேடர்களை "சாலவும் தீயர், சழக்கர்" என்றே திட்டிவிட்டுப் போயிருக்கிறார். சேற்றில் நின்ற எனக்கு மாட்டுத் தடத்தைக் காட்டிய அந்த அம்மாவை அவர் சந்தித்திருந்தால் பாட்டு மாறியிருக்கும்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு?
மறுபடியும் அதே நடைமுறைவாதி, மதுரை (இரண்டாவது கார்டு)

இதை மட்டும் என்னைக் கேட்காதீர்கள். போகும்போதே கண்டக்டரைக் கேளுங்கள், திரும்பக் கேளுங்கள், டீக்கடையில் ஒரு தடவை சரிபாருங்கள். நான் முதல் தடவை ஒரே ஒருவரைக் கேட்டேன், அவர் நல்ல எண்ணத்தில் ஒரு நேரம் சொன்னார். அது முந்தின வருஷத்து நேரம். இருட்டி, கொசு வந்து, கடைசியில் கருவாடு ஏற்றிப்போன ஒரு குட்டி லாரியில் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து வேதாரண்யம் வந்து சேர்ந்தேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் டிரைவர். அந்தச் சட்டையை மூன்று தடவை துவைத்த பிறகும் என் மனைவி அலமாரியில் வைக்க விடவில்லை.